சுயஉருவப் படத்தைப் பார்த்து வரைந்து தைலவர்ணம் பழகலாமா? முள்ளியவளைத் தங்கச்சிக்கு ஒரு பதில்

முள்ளியவளையில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். உயர்தரத்தில் சித்திரம் படித்தவர். பென்சிலில் முகம் நன்றாக வருகிறதாம், ஆனால் தைலவர்ணம் தொட்டதே இல்லை. சொல்லித்தரப் பக்கத்தில் ஆளும் இல்லை. பெரிய ஓவியர் ஒருவரின் சுயஉருவப் படத்தை அப்படியே பார்த்து வரைந்து பழகலாமா, அது களவு இல்லையா, வான்கோவின் படத்தை எடுக்கலாமா, என்ன சாமான் வாங்க வேண்டும் என்று நாலு கேள்வி. கடைசியில் ஒரு வரி: "அம்மப்பாவின் அடையாள அட்டைப் படம் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. அதைப் பெரிதாகத் தைலவர்ணத்தில் வரைய வேண்டும்."

அந்தக் கடைசி வரியில் இருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

நான் கிளிநொச்சிப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் சித்திரம் படிப்பித்தவன். 2009க்குப் பிறகு என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் கொண்டுவந்தது இதையேதான். லாமினேற் பண்ணிய பழைய அட்டை, அதில் கட்டைவிரல் நகமளவு கறுப்பு வெள்ளை முகம். அல்பம், கல்யாணப் படம் எல்லாம் இடம்பெயர்ந்த வழிகளில் போய்விட்டன. அட்டை மட்டும் சேர்ட் பொக்கற்றில் கூடவே வந்திருக்கிறது. இறந்தவர் நினைவாக அடிக்கும் கல்வெட்டுப் புத்தகத்தின் முன் அட்டைக்கு, சுவரில் மாட்ட, திவசத்துக்கு என்று பெரிதாக்கிக் கேட்பார்கள். கட்டம் போட்டுப் பென்சிலில் பெருப்பித்துக் கொடுத்தேன். அது கஷ்டமில்லை. படமும் கறுப்பு வெள்ளை, பென்சிலும் கறுப்பு வெள்ளை. தைலவர்ணம் என்று வந்தபோதுதான் மாட்டிக்கொண்டேன். அந்த அட்டையில் நிறம் இல்லை. நேராக முகத்தில் அடித்த வெளிச்சத்தில் நிழலும் இல்லை. இல்லாத இரண்டையும் வேறு எங்கிருந்தோ கொண்டுவந்து அந்த முகத்தில் வைக்க வேண்டும். அதைப் பழகுவதற்கு ஒரு சுயஉருவப் படத்தை விட நல்ல வழி எனக்குத் தெரியாது.

களவா என்று கேட்டீர்கள். இல்லை. பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகம் 1793இல் திறந்த காலம் தொட்டே ஓவியர்களை உள்ளே இருந்து பார்த்து வரைய விடுகிறது. இன்றைக்கும் அங்கே அனுமதி எடுத்து வரைகிறார்கள். பிரதி அசலை விட ஐந்தில் ஒரு பங்காவது பெரிதாகவோ சிறிதாகவோ இருக்க வேண்டும், ஓவியரின் கையெழுத்தைப் போடக்கூடாது என்பது அங்கே உள்ள விதி. பதினேழாம் நூற்றாண்டு ஒல்லாந்து ஓவியர் ரெம்பிரான்டின் பட்டறையில் மாணவர்கள் குருவின் முகத்தையே பிரதி எடுத்துத்தான் பழகினார்கள். அதில் ஒரு வேடிக்கை உண்டு. கழுத்துக் கவசத்தோடு அவர் இருக்கும் 1629ஆம் ஆண்டளவிலான சுயஉருவம் ஒன்று த ஹேக் நகரில் இருக்கிறது. அதைத்தான் நெடுங்காலம் அசல் என்று நம்பினார்கள். ஜேர்மனியின் நியூரம்பேர்க்கில் இருந்த இன்னொன்றைப் பிரதி என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். பிறகு அகச்சிவப்புக் கதிரில் பார்த்தபோது ஹேக் படத்தின் அடியில் கவனமாகப் போட்ட கோட்டு வரைவு தெரிந்தது. ரெம்பிரான்ட் அப்படி வரைந்துகொண்டு தொடங்குகிறவர் இல்லை. இப்போது நியூரம்பேர்க் படம் அசல், ஹேக் படம் பட்டறைப் பிரதி என்று கருதப்படுகிறது. யாரோ ஒரு மாணவன் அவ்வளவு நன்றாகப் பழகியிருக்கிறான்! நீங்கள் அந்த அளவுக்குப் போகத் தேவையில்லை. பின்பக்கத்தில் "இன்னாரைப் பார்த்து வரைந்தது" என்று எழுதி உங்கள் பெயரைப் போடுங்கள், போதும்.

சரி, ஏன் சுயஉருவம்? வேறு யாருடைய முகமாகவும் இருக்கலாமே என்று கேட்கலாம். சுயஉருவம் வரைந்தவரிடம் இருந்தது ஒரு கண்ணாடி, ஒரு யன்னல், ஒரு முகம். இந்த மூன்றும் உங்களிடமும் இருக்கின்றன. பிரதியை முடித்த அடுத்த நாளே அதே பக்கம் வெளிச்சம் விழும்படி கண்ணாடி முன் இருந்து, அவர் என்ன பார்த்தாரோ அதையே உங்கள் முகத்தில் பார்க்கலாம். ஒரு ராணியின் படத்தையோ வியாபாரியின் படத்தையோ பிரதி எடுத்தால் அந்த வசதி கிடையாது. பிரதி எடுத்துவிட்டுக் கண்ணாடிக்குப் போகாமல் நின்றுவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது. நிறையப் பேர் அங்கேதான் நிற்கிறார்கள். வீட்டுச் சுவரில் ஒரு வெள்ளைக்காரன் முகம் தொங்கும், அவ்வளவுதான்.

வான்கோவை இப்போதைக்கு விடுங்கள். எனக்கு அவரைப் பிடிக்கும். முகம் காட்டி இருப்பவர்களுக்குக் கொடுக்கக் காசில்லாமல் தன் முகத்தையே 35 தடவைக்கு மேல் வரைந்தவர். ஆனால் அவருடைய கோடு கோடான பூச்சைப் பிரதி எடுக்கிற தொடக்கநிலை ஆள், கன்னம் எங்கே திரும்புகிறது என்று பார்க்க மாட்டார். கோடு எந்தப் பக்கம் ஓடுகிறது என்றுதான் பார்ப்பார். இன்னொருவரின் கையொப்பத்தைப் பழகுகிற மாதிரி ஆகிவிடும். அவரிடம் இருந்து எடுக்க வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

நான் சொல்லும் படம், ஆம்ஸ்ரடாம் ரைக்ஸ் மியூசியத்தில் உள்ள, ரெம்பிரான்ட் 1628ஆம் ஆண்டளவில் வரைந்த சுயஉருவம். அப்போது அவருக்கு 22 வயதளவில் இருக்கும். பலகையில் வரைந்தது. அளவு 22.6 சென்ரிமீற்றருக்கு 18.7 சென்ரிமீற்றர். அதாவது ஓர் ஏ4 தாளுக்குள் அசல் அளவிலேயே அடங்கிவிடும். லூவ்ர் விதியை இங்கே யாரும் வந்து அளக்கப் போவதில்லை, அசல் அளவிலேயே போடுங்கள். இன்னொரு வசதி, அந்த முகத்தின் பெரும்பகுதி நிழலுக்குள் இருக்கிறது. வெளிச்சம் ஒரு பக்கக் கன்னத்தையும் காது மடலையும் கழுத்தையும் மட்டும் தொட்டுவிட்டுப் போகிறது. கண்கள் இருட்டுக்குள். பென்சிலில் நன்றாக வரைகிறவர்கள் எல்லோரும் முதலில் கண்ணுக்குத்தான் ஓடுவார்கள். இமைமயிர் ஒவ்வொன்றாகப் போடுவார்கள். இந்தப் படம் அதற்கு இடமே தராது. கண்ணை வரைய முடியாத முகத்தில் நிழலை மட்டும்தான் வரைய முடியும். அடையாள அட்டையில் இல்லாமல் போனதும் அந்த நிழல்தானே.

அருங்காட்சியகத்தின் தளத்திலேயே பெரிய அளவில் இலவசமாகப் படத்தை இறக்கலாம். வேறு தளங்களில் கிடைப்பவை ஒன்று மஞ்சளாக இருக்கும், ஒன்று நீலமாக இருக்கும். ஃபோனைப் பார்த்து வரையாதீர்கள். திரை தானே ஒளிவிடுகிறது, மட்டையில் வர்ணம் ஒளிவிடாது, இரண்டையும் ஒப்பிட்டே மண்டை காயும். நகரத்தில் ஒரு கொமினிகேஷனில் மினுங்காத தாளில் இரண்டு பிரதி அடியுங்கள். ஒன்று நிறத்தில், மற்றது கறுப்பு வெள்ளையில். நிறப் பிரதியை அலுமாரிக்குள் வைத்துவிடுங்கள். ஏன் என்று பிறகு புரியும்.

சாமானைப் பொறுத்தவரை கொஞ்சமாக வாங்குங்கள், நல்லதாக வாங்குங்கள். ஐந்து ரியூப் போதும்: டைட்டானியம் வெள்ளை, யெல்லோ ஓக்கர் (மண்மஞ்சள்), பேர்ண்ட் சியன்னா (செம்மண் நிறம்), பேர்ண்ட் அம்பர் (கடும் மண்நிறம்), ஐவரி கறுப்பு. சுவீடன் ஓவியர் அன்டேர்ஸ் சோர்ன் வெள்ளை, ஓக்கர், ஒரு சிவப்பு, கறுப்பு என்று நாலு நிறத்திலேயே முகங்களை முடித்தவர் என்று பெயர் எடுத்தவர். இந்த முகத்துக்கு நீலமே தேவையில்லை. வெள்ளையோடு கலந்த ஐவரி கறுப்பு, சிவந்த நிறத்தின் பக்கத்தில் வைத்தால் நீலம் மாதிரியே தெரியும். இதை நம்பாமல் நான் ஒரு நீல ரியூப் வாங்கி வைத்து, அது திறக்காமலே இறுகிப்போனது. எங்கள் பக்கத்து நகரங்களில் நீர்வர்ணமும் அக்ரிலிக்கும் கிடைக்கும் அளவுக்குத் தைலவர்ணம் சுலபமாகக் கிடைக்காது. யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ போகிறவர்களிடம் சொல்லிவிடுங்கள். மட்டைக்கு ஹாட்போட் துண்டு வெட்டி, ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு இரண்டு தடவை. கடதாசியில் நேரே பூச வேண்டாம், எண்ணெய் இறங்கிக் காலப்போக்கில் தாள் பொரிந்து போகும்.

எண்ணெய் விஷயத்தில் என் முட்டாள்தனத்தைச் சொல்லியாக வேண்டும். ஆளிவிதை எண்ணெய் கிடைக்காத நேரம். எண்ணெய் எண்ணெய்தானே என்று குசினியில் இருந்து தேங்காய் எண்ணெயை எடுத்து வர்ணத்தில் கலந்தேன். பூசும்போது என்ன சுகம், வெண்ணெய் மாதிரி ஓடியது. இரண்டு மாதம் கழித்தும் அந்தப் படம் விரலில் ஒட்டியது. தைலவர்ணம் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றில் உள்ள ஒட்சிசனைப் பிடித்து இறுகுகிறது. தேங்காய் எண்ணெய்க்கு அந்தக் குணம் இல்லை, பத்து வருடமானாலும் எண்ணெயாகவே இருக்கும். நல்லெண்ணெயும் வேண்டாம். மண்ணெண்ணெயை வர்ணத்தில் கலக்கவே கூடாது. பிரஷ்ஷை முதலில் துடைத்தெடுக்க மட்டும் பாவித்து, பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். தேங்காய் எண்ணெயும் அப்படித் துடைக்க உதவும், அதற்கு மட்டும். இன்னொன்று கட்டாயம்: ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். இறுகும்போது அது சூடேறும், குவியலாகக் கிடந்தால் தானாகவே தீப்பிடிக்கலாம். ஓலைக் கூரைக்குக் கீழே இருக்கிறவர்கள் இரண்டு தடவை யோசிக்க வேண்டிய விஷயம். விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் போடுங்கள்.

வெளிச்சத்தைப் பற்றிப் புத்தகங்களில் ஒன்று எழுதியிருக்கும்: வடக்கு யன்னல் பக்கம் இருந்து வரை, நேர் வெயில் வராது. ஐரோப்பாக்காரனுக்கு அது சரி. கிளிநொச்சி, முல்லைத்தீவு எல்லாம் ஒன்பது பாகை சொச்ச வடக்கு அகலக்கோட்டில் இருக்கின்றன. சித்திரைப் புதுவருசத்தை ஒட்டிச் சூரியன் எங்கள் உச்சிக்கு வந்து, அதற்குப் பிறகு ஆவணியின் நடுப்பகுதி வரைக்கும் வடக்கே நிற்கிறது. அந்த நாலரை மாதமும் வடக்கு யன்னலில் காலையும் பின்னேரமும் வெயில் எட்டிப்பார்க்கும். அப்போது தெற்கு யன்னலுக்கு மாறுங்கள். புரட்டாதி தொடக்கம் பங்குனி வரை வடக்குப் பக்கம். என் மாணவன் ஒருவன் புத்தகத்தை நம்பி வைகாசி முழுக்க வடக்கு யன்னலில் இருந்துவிட்டு, நிழல் ஒரே இடத்தில் நிற்குதில்லை என்று என்னிடம் முறையிட்டான். சோளகம் வீசும் நாட்களில் கிரவல் ரோட்டுத் தூசி ஈர வர்ணத்தில் படியும். ஒரு காட்போட் பெட்டியைக் கவிழ்த்து மூடி வையுங்கள். மாரியின் முதல் மழைக்குப் பின்னேரம் லைற்றைப் போட்டு வரைந்தீர்களோ, ஈசல் வந்து கன்னத்தில் ஒட்டும். காய்ந்த பிறகுதான் அதைச் சுரண்டி எடுக்க வேண்டும், ஈரத்தில் பிடுங்கினால் கன்னமும் சேர்ந்து வரும்.

இனி வரைவது. முதல் வேலையாக மட்டை முழுவதும் அம்பரை டர்பன்டைனில் நன்றாகக் கரைத்துத் துணியால் தேய்த்து ஒரு மண்நிறம் ஏற்றுங்கள். வெள்ளை மட்டையில் எந்த நிறத்தை வைத்தாலும் கறுப்பாகத் தெரியும், பயந்து பயந்து வெளிறலாகப் போடுவீர்கள். மண்நிறம் வந்துவிட்டால் அந்தப் பயம் போய்விடும். அது காய்ந்ததும் கறுப்பு வெள்ளைப் பிரதியைப் பார்த்துக் கட்டம் போட்டு உருவத்தை வையுங்கள். கட்டம் வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை.

பிறகு கண்ணைச் சுருக்கிப் பாருங்கள், பாதி மூடினால் இமைமயிரும் மூக்குத் துவாரமும் மறைந்து மூன்றே மூன்று திட்டு மிஞ்சும். இருட்டு, நடுத்தரம், வெளிச்சம். அந்த மூன்றையும் அம்பரும் வெள்ளையும் மட்டும் வைத்துப் போடுங்கள். பெரிய பிரஷ், விரலளவு அகலம். சின்னப் பிரஷ்ஷை யாரிடமாவது கொடுத்து ஒளித்து வைக்கச் சொல்லுங்கள். இந்த நிலையில் முகம் முகம் மாதிரி இருக்காது, மரத்தில் செதுக்கத் தொடங்கிய மாதிரி இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். பிரதியையும் மட்டையையும் தலைகீழாக வைத்து ஒப்பிடுங்கள். தலைகீழாக இருக்கும்போது அது மூக்கு, இது வாய் என்று மனம் முந்திக்கொண்டு சொல்லாது. பிழை உடனே தெரியும். அம்பர் சீக்கிரம் காயும், எங்கள் வெக்கையில் ஒன்றிரண்டு நாளில் தொட்டுப் பார்க்கலாம். வெள்ளையும் ஐவரி கறுப்பும் கிழமைக் கணக்கில் இழுக்கும். அடியில் டர்பன்டைன் கூடிய மெல்லிய பூச்சு, மேலே போகப் போக எண்ணெய் கூடிய பூச்சு. மாற்றிச் செய்தால் மேல்பூச்சு முதலில் காய்ந்து, கீழே இருப்பது பிறகு இறுகும்போது வெடிக்கும், குளம் வற்றிய சேறு மாதிரி.

ரெம்பிரான்டிடம் கவனிக்க வேண்டியது, நிழலை மெல்லியதாகவும் வெளிச்சத்தைத் தடிப்பாகவும் போட்டிருப்பது. நிழல் பக்கத்தில் வர்ணம் கண்ணாடி மாதிரிக் கிடக்கும், அடிநிறம் தெரியும். வெளிச்சம் பட்ட இடத்தில் மட்டும் களி மாதிரி ஏற்றியிருப்பார். புதிதாக வரைகிறவர்கள் நிழலைக் கறுப்பாக்க வேண்டும் என்று அங்கேதான் ரியூப்பைப் பிதுக்குவார்கள். அப்புறம் அந்தச் சுருள்முடி. அது வர்ணத்தால் வரைந்தது அல்ல. ஈரமாக இருக்கும்போதே பிரஷ்ஷின் பின்முனையால் கீறி எடுத்தது. இதைச் செய்து பார்க்கும் நாளில் உங்களுக்கு ஒரு சந்தோசம் வரும் பாருங்கள். ஆனால் நாள் பிந்தி வர்ணம் தோல் பிடித்துவிட்டால் கீறல் கிழிசலாகிவிடும்.

இப்போது அம்பரிலும் வெள்ளையிலும் மட்டும் ஒரு முகம் முடிந்திருக்கிறது. நிறப் பிரதியை இன்னும் எடுக்க வேண்டாம். இங்கேதான் வான்கோவிடம் படிக்க வேண்டியது வருகிறது. 1889இல் இருந்து பிரான்சின் சான்ரெமி மனநலக் காப்பகத்தில் இருந்த காலத்தில் அவர் பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் படங்களைப் பார்த்து இருபது வரையான ஓவியங்கள் போட்டார். கையில் இருந்தவை கறுப்பு வெள்ளை அச்சுப் பிரதிகள். நிறத்தை அவரே யோசித்து வைத்தார். நீங்களும் அதைச் செய்யுங்கள். கன்னத்துக்கு வெள்ளை, ஓக்கர், துளி சியன்னா. நிழலுக்கு அம்பரும் கறுப்பும் மெல்லியதாக. முழுவதும் வைத்து முடித்த பிறகு அலுமாரியைத் திறந்து நிறப் பிரதியைப் பக்கத்தில் வையுங்கள். நான் வைத்தபோது என்னுடைய நிழல் சாம்பலாக இருந்தது, அவருடையது செம்மண் சூட்டோடு இருந்தது. அந்த வித்தியாசத்தைக் கண்ட ஐந்து நிமிடம், நிறப் பிரதியைப் பார்த்துக்கொண்டே ஒரு மாதம் வரைவதற்குச் சமன். அதே படத்தை மூன்று தடவை போடுங்கள். மூன்று படத்தை ஒவ்வொரு தடவை போடுவதை விட அது நல்லது.

பிறகு கண்ணாடி. அதே பக்க வெளிச்சம், முகத்தின் பெரும்பகுதி நிழலில். இங்கே ஒன்று நடக்கும், முன்பே சொல்லிவிடுகிறேன்: பிரதியில் பழகிய கலவை உங்கள் முகத்துக்கு உதவாது. எங்கள் தோலுக்கு அடிநிறமே சியன்னாவும் ஓக்கரும் கொஞ்சம் அம்பரும்தான். அதை வெளிச்சமாக்க வெள்ளையைக் கலந்தால் சாம்பல் பூசிய மாதிரி ஆகிவிடும். முதலில் ஓக்கரைக் கூட்டுங்கள், வெள்ளை கடைசியில், ஊசி முனையளவு. நெற்றியிலும் மூக்குத் தண்டிலும் மினுங்கும் இடத்தை உற்றுப் பாருங்கள். அது வெள்ளை இல்லை, யன்னலுக்கு வெளியே இருக்கும் வானத்தின் நிறம். கறுத்த தோலில் அந்தக் குளிர்ந்த மினுக்கம் வெளிறிய தோலை விட எடுப்பாகத் தெரியும், அதை வரைவதில் ஒரு தனிச் சுகம் இருக்கிறது. பிரதியில் இருந்து வருவது நிறம் இல்லை, உறவு. நிழல் கன்னத்தை விட எவ்வளவு இருட்டு, விளிம்பு எங்கே கரைகிறது, எங்கே வெட்டி நிற்கிறது என்பது. அது எந்தத் தோலுக்கும் பொருந்தும். கண்ணாடியில் வகிடும் மறுவும் பக்கம் மாறித் தெரியும், வீட்டில் யாராவது "இது நீ மாதிரி இல்லையே" என்றால் பாதிக் காரணம் அதுவாக இருக்கலாம்.

ஒரு சின்ன விஷயம், மறந்துவிடுவேன். முடித்த படத்தை மாரி முழுக்க இருட்டு அலுமாரியில் வைத்தால் ஆளிவிதை எண்ணெய் மஞ்சளாகும். பயப்பட வேண்டாம், சில நாள் வெளிச்சமான அறையில் வைத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். வார்னிஷ் பூச ஆறு மாதமாவது பொறுங்கள்.

இவ்வளவும் செய்ய ஒரு வருசம் போகலாம். அதற்குப் பிறகு அம்மப்பாவின் அட்டையை எடுங்கள். அதில் இருந்து உருவத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: கண்ணுக்கும் மூக்குக்கும் இடையிலான தூரம், காதின் உயரம், வாயின் அகலம். கட்டம் போட்டு அச்சொட்டாக. நிழலுக்கும் நிறத்துக்கும் அந்த அட்டையை நம்ப வேண்டாம். உங்கள் அம்மாவையோ மாமாவையோ, அம்மப்பாவின் கன்ன எலும்பும் மூக்கும் யாருக்கு வந்திருக்கிறதோ அவரை யன்னலோரம் ஒரு கதிரையில் இருத்துங்கள். எந்தப் பக்க வெளிச்சம் என்று நீங்கள் முடிவெடுங்கள். அவர் இருக்கும்போது அப்பா வெயிலில் எப்படிக் கறுத்துப்போவார், வயலால் வந்தால் நெற்றி எப்படி இருக்கும் என்று அவராகவே சொல்லத் தொடங்குவார். அதையும் கேட்டுக்கொண்டு கலவையைச் சரிபாருங்கள்.